கடலுக்குள் வெயில் காய்பவை

கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாக் கரையில் ஒரு கடலாய்வு நிறுவனம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு அங்கிருந்து வெளியான ஓர் ஆய்வில் ஈ.கோலி பாக்டீரியா சிவந்துபோனது. ஈ.கோலி நம் குடலில் வாழ்வது. உயிரியல் ஆய்வகங்களில் எந்த மரபணுவை எடுத்தாலும் முதலில் இதற்குள் நுழைத்துப் பார்ப்பதுதான் வழக்கம். தனக்கென்று சொல்லிக்கொள்ள நிறம் இல்லாத உயிர் அது. சுழற்றிப் பிரித்தெடுத்தால் குழாயின் அடியில் மங்கிய களிம்பாகப் படியும். கடலிலிருந்து கிடைத்த ஒரே ஒரு மரபணுவை அதற்குள் செருகி, ரெட்டினால் என்ற பொருளையும் கொஞ்சம் கலந்ததும் அந்தக் களிம்பில் செம்மை தட்டியது.

சிவந்த செல்கள் மிதந்த நீரில் விளக்கைப் போட்டார்கள். நீரின் அமிலத்தன்மை ஏறியது. அணைத்ததும் இறங்கியது. ரெட்டினாலோ மரபணுவோ இல்லாத செல்களுக்கு எவ்வளவு வெளிச்சம் காட்டினாலும் ஒன்றும் நடக்கவில்லை. அமிலத்தன்மை ஏறுகிறது என்றால் புரோட்டான்கள் செல்லுக்குள்ளிருந்து வெளியே வருகின்றன என்று பொருள். ஒளி பட்டால் புரோட்டானை வெளியே தள்ளும் பம்பு ஒன்று கடல் பாக்டீரியாவிடம் இருக்கிறது. ஒடெட் பேஜா, எட்வர்ட் டிலாங் குழுவினர் அதற்கு புரோட்டியோரொடாப்சின் என்று பெயர் வைத்து சயன்ஸ் இதழில் எழுதினார்கள்.

இது ஏன் பெரிய செய்தி? கடலின் மேல்மட்டத்து நீரில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 10 லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை தாமாக உணவு தயாரிப்பதில்லை. பச்சையம் உள்ள மிதவை உயிர்கள் வெயிலைக் கொண்டு சர்க்கரை செய்கின்றன. அவை கசியவிட்டதையும், செத்தபின் மிச்சம் வைத்ததையும் தின்றே மற்ற பாக்டீரியாக்கள் காலம் தள்ளுகின்றன என்பதுதான் அதுவரை எல்லோரும் படித்த பாடம். சமைப்பவர் ஒரு பக்கம், சாப்பிடுபவர் மறுபக்கம். கடலின் கார்பன் கணக்கு முழுவதையும் இந்தப் பிரிவினையை நம்பித்தான் எழுதி வைத்திருந்தோம். இப்போது பார்த்தால், சாப்பிடுகிற கூட்டத்தின் கையிலும் ஒளி பிடிக்கும் கருவி இருக்கிறது.

கருவி என்னவோ மிகச் சின்னது. ஒற்றைப் புரதம். செல்லின் சவ்வுக்குள் ஏழு முறை ஏறி இறங்கி ஓடும் ஒரு சங்கிலி. அந்த ஏழு சுருள்களுக்கு நடுவில் ரெட்டினால் மூலக்கூறு உட்கார்ந்திருக்கிறது. ஒரு நுனியில் அது லைசின் என்ற அமினோ அமிலத்தோடு பிணைந்திருக்கும். ஒளித்துகள் ஒன்று வந்து மோதினால், நேராக நீண்டிருந்த ரெட்டினால் தன் 13-ஆவது கார்பன் அருகே மடங்கிக்கொள்ளும். மடங்குவதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் ஏறக்குறைய லட்சம் கோடியில் ஒரு பங்கு. இந்த மடக்கத்தில் புரதத்தின் உட்புறம் நெளிகிறது. பிணைப்பில் ஒட்டியிருந்த புரோட்டான் வெளிப்பக்கமாக நழுவ, உட்பக்கத்திலிருந்து இன்னொரு புரோட்டான் வந்து அந்த இடத்தைப் பிடிக்கிறது. ரெட்டினால் மறுபடி நிமிர்ந்து அடுத்த ஒளித்துகளுக்குத் தயாராகிவிடும். ஒரு சுற்று முடிய நூறில் ஒன்றிரண்டு பங்கு விநாடி போதும். ஓர் ஒளித்துகளுக்கு ஒரு புரோட்டான். கணக்கு அவ்வளவே.

இதே ரெட்டினால்தான் நம் விழித்திரையிலும் ஒளியை வாங்குகிறது. கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் இருக்கும் பீட்டா கரோட்டினை நடுவில் வெட்டினால் இரண்டு ரெட்டினால் கிடைக்கும். நம் உடலும் அப்படித்தான் செய்கிறது, கடல் பாக்டீரியாவும் அப்படித்தான் செய்கிறது. வேறுபாடு பின்னால் வருகிறது. நம் கண்ணில் ஒளிபட்ட ரெட்டினால் புரதத்தைவிட்டுக் கழன்று, வேறிடத்தில் பழைய வடிவத்துக்கு மாற்றப்பட்டுத்தான் திரும்ப வேண்டும். பாக்டீரியாவுடையது இருந்த இடத்திலேயே மடங்கி நிமிர்கிறது. பார்ப்பதற்கு நம்முடையது, உழைப்பதற்கு அதனுடையது.

வெளியே தள்ளிய புரோட்டான்கள் சும்மா இருப்பதில்லை. வெளியே கூட்டம், உள்ளே வெறிச்சோடல் என்றானதும் அவை உள்ளே வரத் துடிக்கும். சவ்வு விடாது. அதில் இருக்கும் சில வாசல்கள் வழியாக மட்டுமே வரலாம். முக்கியமான வாசல் ஏடிபி தயாரிக்கும் நொதி. புரோட்டான் நுழையும்போது அந்த நொதியின் ஒரு பகுதி உண்மையாகவே சுழல்கிறது. மூன்று நான்கு புரோட்டான்களுக்கு ஓர் ஏடிபி என்ற விகிதத்தில், செல்லின் எல்லா வேலைக்கும் செலவாகும் அந்த மூலக்கூறு உருவாகிறது. வால்போன்ற இழையைச் சுழற்றி நீந்தும் மோட்டாரும், வெளியிலுள்ள உணவை உள்ளே இழுக்கும் சில புரதங்களும்கூட இதே புரோட்டான் வரத்தை நேரடியாகப் பயன்படுத்துகின்றன.

செடியின் ஒளிச்சேர்க்கையோடு இதை வைத்துப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். அங்கே நூற்றுக்கணக்கான பச்சைய மூலக்கூறுகள், டஜன் கணக்கில் புரதங்கள், நீரைப் பிளக்கும் ஏற்பாடு, எலெக்ட்ரான் கடத்தும் நீண்ட வரிசை, கடைசியில் கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் சுழற்சி. இங்கே நீர் பிளப்பதில்லை, ஆக்சிஜன் வருவதில்லை, சர்க்கரை ஒரு துளியும் உண்டாவதில்லை. ஒளி வருகிறது, புரோட்டான் போகிறது.

பம்பு புதிது என்றும் சொல்ல முடியாது. உப்பளங்களில் நீர் நன்றாகச் சுண்டிய பாத்திகள் செம்மை பூப்பதைத் தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கத்துக்காரர்கள் பார்த்திருப்பார்கள். அந்த நீரில் வாழும் பாசிக்கும், உப்பு விரும்பும் ஆர்க்கியா நுண்ணுயிர்களுக்கும் சொந்தமான நிறம் அது. செம்மையில் பெரும்பங்கு வேறு நிறமிகளுடையது என்றாலும், அந்த ஆர்க்கியாவில் ஹாலோபாக்டீரியம் என்ற இனத்தின் சவ்வில் ஊதாத் திட்டுகள் உண்டு. 1971-இல் டீட்டர் ஓஸ்டர்ஹெல்ட்டும் வால்தர் ஸ்டோக்கனியஸும் அந்த ஊதாவுக்குக் காரணம் ரெட்டினால் தாங்கிய ஒரு புரதம் என்று கண்டார்கள். பாக்டீரியோரொடாப்சின் என்று பெயர். அதன் வேலை புரோட்டான் தள்ளுவது என்பதும் விரைவில் தெரியவந்தது. சுண்டிய உப்புநீரில் ஆக்சிஜன் சரியாகக் கரையாது. மூச்சுக்கு வழியில்லாதபோது வெயில் கைகொடுக்கிறது.

1974-இல் எஃப்ரைம் ராக்கரும் ஸ்டோக்கனியஸும் செய்த சோதனை உயிர்வேதியியலின் மிக அழகான சோதனைகளில் ஒன்று என்பேன். சோயாவின் கொழுப்பில் நுண்ணிய குமிழிகள் செய்தார்கள். அவற்றின் சுவரில் உப்புநீர் நுண்ணுயிரின் ஊதாப் புரதத்தையும், மாட்டு இதயத்திலிருந்து எடுத்த ஏடிபி நொதியையும் பதித்தார்கள். ஒன்றையொன்று ஒருநாளும் சந்தித்திராத மூன்று பொருள்கள். வெளிச்சம் காட்டியதும் ஏடிபி உருவானது. புரோட்டான் ஏற்றத்தாழ்வுதான் ஏடிபி உற்பத்தியின் ஆதாரம் என்று பீட்டர் மிட்செல் சொல்லிவந்ததை நம்பாதவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மிட்செலுக்கு 1978-இல் நோபெல் கிடைத்தது.

ஆனாலும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தப் பம்பை உப்பளத்து விசித்திரமாகவே வைத்திருந்தார்கள். சாதாரணக் கடல்நீரில் யாரும் தேடவில்லை, தேடவும் வழியில்லை. கடல் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை ஆய்வகத் தட்டில் வளர மறுப்பவை. வளராததை எப்படிச் சோதிப்பது?

டிலாங் குழுவினர் வளர்க்கும் முயற்சியையே விட்டுவிட்டார்கள். கடல்நீரை வடிகட்டி, சிக்கிய உயிர்கள் எல்லாவற்றின் டிஎன்ஏவையும் ஒட்டுமொத்தமாக எடுத்து, நீள நீளத் துண்டுகளாக ஈ.கோலியில் சேமித்துப் படித்தார்கள். அப்படிப் படித்ததில் சுமார் 1,30,000 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு. அதில் ஓரிடத்தில் ரைபோசோம் மரபணு. அது ஒவ்வோர் இனத்துக்கும் முகவரி போன்றது என்பதால், துண்டின் சொந்தக்காரர் சார்86 என்ற கடல் பாக்டீரியா வகை என்று தெரிந்தது. அதே துண்டின் வேறோர் இடத்தில் ரொடாப்சின் மரபணு. யாரும் கண்ணால் பார்க்காத, வளர்த்தெடுக்காத ஓர் உயிர் எப்படிப் பிழைக்கிறது என்பதை அதன் டிஎன்ஏ துண்டு காட்டிக்கொடுத்தது.

அப்புறம் போகுமிடமெல்லாம் கிடைத்தது. கிரெய்க் வென்ட்டர் குழு சர்காசோ கடல் நீரைப் படித்து 2004-இல் வெளியிட்ட பட்டியலில் ரொடாப்சின் வகை மரபணுக்கள் மட்டும் 782. மறு ஆண்டில் பெலாஜிபாக்டரிடமும் இது இருப்பது தெரிந்தது. சார்11 வகையைச் சேர்ந்த இது, எண்ணிக்கையில் கடலையே ஆள்கிறது என்று சொல்லத்தக்க பாக்டீரியா. ஒரு மைக்ரோமீட்டர் நீளம்கூட இல்லாத உடல், 13 லட்சம் எழுத்துகளே கொண்ட மரபுத்தொகுதி. தேவையற்ற எதையும் வைத்துக்கொள்ளாத இந்தக் கஞ்சன் ரொடாப்சினை மட்டும் விடவில்லை என்றால், அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும்.

இடத்துக்கேற்ற நிறத்தேர்வு இதைவிடச் சுவையானது. கடல்நீர் வெயிலின் சிவப்பை முதல் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடும். கரையோரத்தில் பச்சை ஒளி மிஞ்சும். தெளிந்த நடுக்கடலில் ஆழம் போகப்போக நீலம் மட்டுமே மிஞ்சும். மான்டரே விரிகுடாவில் கிடைத்த ரொடாப்சின் 525 நானோமீட்டர் அளவிலான பச்சை ஒளியைப் பிடிக்கிறது. ஹவாய்க்கு வடக்கே நடுக்கடலில் 75 மீட்டர் ஆழத்து நீரில் கிடைத்ததோ 490 நானோமீட்டர் நீலத்தைப் பிடிக்கிறது. இந்த மாற்றத்துக்குப் புரதத்தைப் புதிதாக வார்க்க வேண்டியதில்லை. சங்கிலியின் 105-ஆவது இடத்தில் லியூசின் இருந்தால் பச்சை, குளூட்டமின் இருந்தால் நீலம். இருநூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்களில் ஒன்றை மாற்றினால் உயிருக்கு வேறொரு வெளிச்சம் திறக்கிறது.

ஒற்றை ரெட்டினாலின் பெரிய குறை, அது தன்னந்தனியாக நிற்பது. செடியில் நூற்றுக்கணக்கான பச்சைய மூலக்கூறுகள் ஒளியை வாங்கி நடுவில் இருப்பதற்குக் கைமாற்றும். ரொடாப்சினில் அந்தக் கூட்டணி கிடையாது என்று நினைத்திருந்தபோது, உப்புநீரில் வாழும் சாலினிபாக்டர் என்ற பாக்டீரியா விதிவிலக்காக வந்தது. அதன் ரொடாப்சின் ஒரு கரோட்டின் வகை மூலக்கூறையும் பக்கத்தில் ஒட்டவைத்துக்கொண்டு அது பிடிக்கும் ஒளியையும் வாங்கிக்கொள்கிறது என்று 2005-இல் தெரிந்தது. 2023-இல் பேஜாவின் இஸ்ரேல் ஆய்வகமும் கூட்டாளிகளும் கின்னரெட் ஏரியிலிருந்து எடுத்த ரொடாப்சினில் லூட்டின், சியாசாந்தின் இரண்டும் ஒட்டுவதைக் காட்டினார்கள். புரதத்தின் பக்கவாட்டில் பருமனான அமினோ அமிலத்துக்குப் பதில் கிளைசின் இருப்பதால் ஒரு சின்ன ஜன்னல் விழுகிறது. அந்த ஜன்னல் வழியே கரோட்டின் வகைகள் ரெட்டினாலுக்கு ஒளியாற்றலைக் கொடுக்கின்றன. கடலிலும் ஏரியிலும் இந்த ஜன்னல் கொண்ட ரொடாப்சின்கள் ஏராளம்.

கருவி இருக்கிறது, வேலை செய்கிறது. அதனால் பாக்டீரியாவுக்கு என்ன லாபம்? இந்தக் கேள்விதான் ஆய்வாளர்களைப் பல ஆண்டுகள் திணறடித்தது. பெலாஜிபாக்டரை வெளிச்சத்திலும் இருட்டிலும் வளர்த்துப் பார்த்தார்கள். வளர்ச்சியில் வேறுபாடே இல்லை. ரொடாப்சின் ஆற்றல் தருகிறது என்பதே வெறும் ஊகமோ என்று சிலர் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

2007-இல் மூன்று பதில்கள் வந்தன. மத்தியதரைக் கடலில் கிடைத்த டோக்டோனியா என்ற பாக்டீரியாவை உணவு மிகக் குறைந்த கடல்நீரில் விட்டபோது, இருட்டில் இருந்ததைவிட வெளிச்சத்தில் அதிகம் பெருகியது. பச்சை ஒளியில் பலன் இன்னும் தெளிவு. எம்ஐடியில் டிலாங் குழு ஆறே மரபணுக்கள் கொண்ட ஒரு துண்டை ஈ.கோலிக்குக் கொடுத்தது. ரெட்டினாலைத் தானே தயாரிக்க ஐந்து, ரொடாப்சினுக்கு ஒன்று. இனி வெளியிலிருந்து ஊற்ற வேண்டியதில்லை. ஒளிபட்டதும் ஈ.கோலி ஏடிபி செய்தது.

மூன்றாவது சோதனை பெர்க்லியில் நடந்தது. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ரொடாப்சின் ஏற்றிய ஈ.கோலிக்கு அசைடு என்ற நஞ்சைக் கொடுத்து அதன் மூச்சை அடக்கினார்கள். மூச்சில்லை என்றால் புரோட்டான் ஏற்றம் இல்லை, நீந்தும் மோட்டார் தளர்ந்துவிடும். நுண்ணோக்கியின் கீழ் பச்சை ஒளியைப் பாய்ச்சியதும் மோட்டார் வேகம் பிடித்தது. ஒளியை நிறுத்தினால் மறுபடி தளர்ச்சி. குடல் இருட்டிலேயே காலங்காலமாக வாழ்ந்த ஓர் உயிர், ஒரே ஒரு புரதத்தைக் கடனாக வாங்கி வெயிலில் நீந்துகிறது.

2010-இல் கிடைத்த சான்று இதைவிட உறுதியானது. அந்தமான் கடலில் எடுத்த ஒரு விப்ரியோ வகையை உணவே இல்லாத கடல்நீரில் பட்டினி போட்டார்கள். வெளிச்சத்தில் இருந்தவை அதிக அளவில் உயிர் தப்பின. ரொடாப்சின் மரபணுவை வெட்டியெடுத்தால் அந்தச் சலுகை போய்விட்டது, திரும்ப வைத்தால் வந்துவிட்டது. மறு ஆண்டு பெலாஜிபாக்டரின் புதிருக்கும் விடை வந்தது. வயிறு நிறைந்திருக்கும்வரை அதற்கு வெளிச்சமும் இருட்டும் ஒன்றுதான். பட்டினியில்தான் வேறுபாடு. இருட்டில் பட்டினி கிடந்த செல்கள் தம் உடலிலிருந்த கார்பனையே எரித்துச் சுருங்கின. வெளிச்சத்தில் இருந்தவை உடல் குறையாமல் தாக்குப்பிடித்தன. முதல் சோதனையில் பலன் தெரியாமல் போனதற்குக் காரணம் ஆய்வகத்தின் தாராள விருந்தோம்பல்.

கடல் பாக்டீரியாவுக்குக் கிடைக்கும் கார்பன் மூலக்கூறு ஒவ்வொன்றும் வெட்டிவந்த மரம் மாதிரி. அடுப்பில் வைத்து எரிக்கலாம், இல்லை கதவும் நிலையும் செய்யலாம். இரண்டும் ஒரே கட்டையில் ஆகாது. மூச்சுவிட்டு ஆற்றல் எடுத்தால் அந்தக் கார்பன் கரியமில வாயுவாகப் போய்விடும். உடல் கட்ட வேண்டுமென்றால் எரிக்காமல் வைத்திருக்க வேண்டும். அடுப்பை வெயில் பார்த்துக்கொண்டால் கட்டை மிச்சம். ரொடாப்சின் பாக்டீரியாவைச் செடியாக்குவதில்லை. அதன் உணவைச் சிக்கனப்படுத்துகிறது. இதை உணவு தயாரிப்பின் எளிய வடிவம் என்று எழுதுபவர்கள் இந்த இடத்தில்தான் வழிதவறுகிறார்கள்.

ஆறு மரபணுக்களில் அடங்கும் ஏற்பாடு என்பதால் கைமாறுவதும் எளிது. நுண்ணுயிர்கள் தங்களுக்குள் டிஎன்ஏ துண்டுகளைக் கொடுத்து வாங்குபவை. பாக்டீரியாவின் இந்தப் புரதத்தைக் கடலின் மேல்மட்டத்து ஆர்க்கியாவும் வாங்கி வைத்திருக்கிறது. புரோட்டானுக்குப் பதில் சோடியத்தை வெளியே தள்ளும் ரொடாப்சின்கூட உண்டு என்று 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

எல்லாம் சேர்த்து எவ்வளவு வெயில் என்று பார்க்க, ஒரு குழு கப்பலில் மத்தியதரைக் கடலையும் கிழக்கு அட்லாண்டிக்கையும் குறுக்காகக் கடந்து நீரிலுள்ள ரெட்டினாலை அளந்தது. லாரா கோமெஸ் கொன்சார்னாவ் தலைமையிலான அந்த ஆய்வு 2019-இல் வந்தது. ரொடாப்சின்கள் வாங்கும் ஒளியாற்றல், பச்சையம் வாங்குவதற்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கக்கூடும் என்பது முடிவு. வாங்கும் ஆற்றல் என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். அதனால் சர்க்கரை விளைவதில்லை. பாக்டீரியா உயிரோடு இருப்பதற்கான அடிப்படைச் செலவுக்கு அது போதும் என்கிறார்கள். பச்சையம் குறைந்த இடத்தில் ரெட்டினால் கூடுகிறது. கிழக்கு மத்தியதரைக் கடல் போன்ற சத்தில்லாத நீரில்தான் அளவு உச்சம்.

செயற்கைக்கோள் வரைபடங்களில் அந்த இடங்கள் வெறும் நீலமாகத் தெரியும். விண்ணிலிருந்து கடல் நிறத்தைப் பார்க்கும் கருவிகள் பச்சையத்தைத் தேடவே செய்யப்பட்டவை. ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் நம் மீனவர்களுக்கு அனுப்பும் மீன்வளப் பகுதி அறிவிப்புக்கும் பச்சையமும் நீரின் வெப்பமும்தான் ஆதாரம். மீன் தேட அது சரியான வழி. பச்சையம் இருக்குமிடத்தில்தான் உணவு விளைகிறது. கார்பன் கணக்குக்கு அது பாதி வழிதான்.

கணக்கில் இடறும் இன்னொரு இடம் இருட்டுப் புட்டி. 1927-இல் நார்வேயின் கார்டரும் கிரானும் வகுத்த முறையில் கடல்நீரை இரண்டு புட்டிகளில் பிடிப்பார்கள். ஒன்று கண்ணாடி, மற்றொன்று கறுப்பு. கறுப்புப் புட்டியில் எவ்வளவு ஆக்சிஜன் குறைகிறதோ அதுதான் அந்த நீரிலுள்ள உயிர்களின் மூச்சு. பகலிலும் மூச்சு அதே அளவுதான் என்று வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்கிடுவார்கள். வெயில் பட்டால் பாக்டீரியா குறைவாக எரிக்கிறது என்றால், பகலுக்கு அந்த எண் பொருந்தாது. வெளிச்சத்திலேயே அளக்கலாம் என்றால், பக்கத்திலேயே பச்சைய உயிர்கள் ஆக்சிஜனை வெளியிட்டுக் கணக்கைக் குழப்பும். அதற்காகத்தானே புட்டியைக் கறுப்பாக்கினார்கள். கனமான ஆக்சிஜன்-18 கலந்த நீரைச் சேர்த்து, விளைந்தது எவ்வளவு, மூச்சில் போனது எவ்வளவு என்று வெளிச்சத்திலேயே பிரிக்கும் முறை ஒன்று உண்டு. செலவும் உழைப்பும் அதிகம் என்பதால் பெரும்பாலான கப்பல்களில் இன்றும் கறுப்புப் புட்டிதான் போகிறது.